குழந்தைக்காகப் பேசும் உரிமை

இங்கிலாந்து தேசத்தில் அரசாங்கப் பொருளுதவியால் நடைபெறும் பள்ளிகளை மேற்பார்க்க நிர்வாக சபைகள் உண்டு. ஊரிலுள்ள பொதுமக்கள், பிள்ளைகளின் பெற்றோர், ஆசிரியர், ஸ்தல ஸ்தாபனத்தின் பிரதிநிதி என்று பல திறத்தாரும் ஊதியம் எதிர்பாராமல் அச்சபைகளில் அங்கம் வகிக்கிறார்கள். அவர்களுக்குக் கவர்னர்கள் என்று பெயர். சாதாரணப் பள்ளி ஒன்றில் இப்பதவி வகிப்பவருடைய பொறுப்பே பெரிது என்றால், அறிவு வளர்ச்சியிலோ புலன்களிலோ உடலிலோ குறையுடைய குழந்தைகளுக்கென அமைந்த சிறப்புப் பள்ளியில் அதை வகிப்பவருடைய பொறுப்பு பன்மடங்கு பெரிது. ஏனெனில் மற்றப் பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பியதும் பள்ளியில் நடந்த நல்லதையும் பொல்லாததையும் தாயிடம் கொட்டிவிடுவார்கள். சிறப்புப் பள்ளியில் பயிலும் குழந்தைகளுள் பலருக்கோ தங்களுக்கு நேர்ந்தது இன்னதென்று எடுத்துச் சொல்லும் ஆற்றல் வாய்ப்பதில்லை. தானாகச் சொல்ல இயலாத குழந்தைக்காகப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விக்கு அந்நாட்டார் காலந்தோறும் அளித்துவந்த வெவ்வேறு விடைகளே இப்பதவியின் வரலாறு. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வரலாறு, குறையுடைய குழந்தைகளுக்குக் கல்வி அளிக்க முனையும் எந்தச் சமூகத்தாரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், லண்டனுக்குத் தெற்கேயுள்ள பெர்மண்ட்ஸி என்னும் பகுதியில் ஜான் டவுன்ஸெண்ட் என்ற பாதிரியார் சமய ஊழியம் செய்துவந்தார். அவருடைய சபையைச் சேர்ந்த கிரீஸி என்னும் அம்மையாருக்குக் காது கேளாத மகன் ஒருவன் இருந்தான். எடின்பரோவில் அத்தகைய பிள்ளைகளுக்கென முதன்முதலில் பள்ளி நிறுவிப் பின்னர் லண்டனை அடுத்த ஹாக்னிக்குக் குடிபெயர்ந்த தாமஸ் பிரெய்ட்வுட் என்பவரிடம் அவனை அனுப்பிப் படிக்கவைத்த அந்தத் தாய், அதன்பொருட்டுச் சுமார் 1,500 பவுன் செலவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் அது ஒரு பெருஞ்செல்வம். மகன் படிப்பறிவு பெற்று வந்ததைக் கண்டு மகிழ்ந்ததோடு நில்லாமல், இவ்வளவு பொருள் செலவிட இயலாத ஏழைத் தாய்மார்களின் கதி என்ன ஆவது என்று அவர் பாதிரியாரிடம் முறையிட்டார். அந்த முறையீட்டின் பயனாக, 1792-ஆம் ஆண்டில், டவுன்ஸெண்டும் ஹென்றி காக்ஸ் மேசன் என்ற மற்றொரு குருவும் முன்னின்று, காது கேளாத ஏழைக் குழந்தைகளுக்கென லண்டன் ஆசிரமம் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். பிரெய்ட்வுட்டின் உறவினரான ஜோசப் வாட்ஸன் அதன் முதல் ஆசிரியராக அமர்ந்தார். ஆங்கில நாட்டில் இவ்வகைக் குழந்தைகளுக்கான முதல் பொதுப்பள்ளி இவ்வாறு ஒரு தாயின் நெஞ்சிலிருந்து பிறந்தது. ஆயினும், அதன் நிர்வாகத்தில் தாய்மாருக்கு இடம் ஏற்படவில்லை. அந்த இடம் கிடைப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

நிர்வாகம் யாரிடம் இருந்தது என்றால், பொருள் கொடுத்தவர்களிடம் இருந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளும் அநாதை விடுதிகளும் எம்முறையில் நடந்தனவோ அம்முறையிலேயே இப்பள்ளிகளும் நடந்தன. ஆண்டுதோறும் ஒரு கினி அளவில் சந்தா செலுத்துபவர் அந்த ஆண்டுக்கு ஸ்தாபனத்தின் கவர்னராவதும், பத்துக் கினி போன்ற ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்தவர் ஆயுள் முழுவதும் கவர்னராவதும் இத்தகைய தர்ம ஸ்தாபனங்களில் பரவலாக இருந்த ஏற்பாடு. எந்தக் குழந்தையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது என்பதை ஆசிரியரோ வைத்தியரோ தீர்மானிக்கவில்லை. சந்தாதாரர்கள் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். காலியிடம் பத்து இருக்க, விண்ணப்பம் பன்மடங்காக வந்து குவியும்போது, குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் அச்சிடப்பெற்று ஒவ்வொரு கவர்னருக்கும் அனுப்பப்பெறும். பெற்றோரும் அவர்களுக்கு இரங்கிய பெரிய மனிதர்களும் வீடுவீடாக ஏறி இறங்கியும், கடிதம் எழுதியும், பத்திரிகையில் விளம்பரம் செய்தும் வாக்குச் சேகரிப்பார்கள். குறித்த நாளில் எண்ணிப் பார்த்து, மிகுதியான வாக்குப் பெற்ற குழந்தைகள் உள்ளே அழைக்கப்படுவார்கள். மற்றக் குழந்தைகள் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கவேண்டும்.

இம்முறையில் நன்மை சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. அரசாங்கம் ஒரு காசும் கொடுக்க முன்வராத காலத்தில், ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பத்தாரைச் சிறுசிறு தொகையேனும் ஈயச் செய்தது இந்த வாக்குரிமையே. ஆனால், அதனால் விளைந்த தீமையோ பெரிது. மிகவும் ஏழையாகவும் ஆதரவற்றும் இருந்த குழந்தைக்கே செல்வாக்குள்ளவர்களின் அறிமுகம் குறைவு. அறிமுகம் குறைந்த குழந்தைக்கே வாக்குக் குறைவு. உதவி எவருக்கு அதிகம் தேவையோ அவரே கடைசியில் நிற்கும்படியான முறையைத் தர்மம் என்று அழைப்பது தகுமோ என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலர் கேட்கத் தொடங்கினார்கள். நோயாளிகளுக்குச் சேவை புரிந்து புகழ்பெற்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அம்முறையைக் கடுமையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர். தர்ம ஸ்தாபனங்களின் தேர்தல் முறையைச் சீர்திருத்துவதற்கென்றே ஒரு சங்கமும் தோன்றியது.

அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்காக ஆண்ட்ரு ரீட் என்னும் பாதிரியாரின் முயற்சியால் 1847-இல் தொடங்கி, 1855-இல் ஸரே மாவட்டத்தின் ஏர்ல்ஸ்வுட் என்னுமிடத்தில் பெருங்கட்டடம் கண்ட ஸ்தாபனமும் இவ்வாறே சந்தாதாரர் வாக்கினால் நடைபெற்றது. 1858 முதல் பத்தாண்டுக் காலம் அதன் மருத்துவத் தலைவராயிருந்த ஜான் லாங்டன் டவுன், அங்கே தங்கியிருந்தவர்களை உடற்கூறு நோக்கியும் வளர்ச்சி நோக்கியும் கவனமாக ஆராய்ந்து, இன்று அவருடைய பெயராலேயே உலகம் அறியும் நிலையை 1866-இல் விவரித்தார். அங்குள்ளவர்கள் நல்லுணவும் தூய்மையும் அன்பான நடத்தையும் கைத்தொழில் பயிற்சியும் பெற்றால் முன்னேறுவார்கள் என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். ஆயினும் அவருக்கும் நிர்வாக சபையாருக்கும் மனவேற்றுமை முற்றி, 1868-இல் அவர் விலகி, தம் மனைவியாரோடு நார்மன்ஸ்ஃபீல்டு என்ற தனி இல்லத்தை நிறுவும்படி ஆயிற்று. தினந்தோறும் குழந்தைகளின் அருகிலிருந்து பழகியவருடைய அறிவுக்கும், தொலைவிலிருந்து பொருள் ஈந்தவர்களுடைய அதிகாரத்துக்கும் இடையே எழுந்த அந்தப் பிணக்கு, பிற்காலத்திலும் வெவ்வேறு உருவங்களில் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் காண்கிறோம்.

காது கேளாதோர் பள்ளிகளில் இப்பிணக்கு மற்றொரு வகையாக வெளிப்பட்டது. 1880-ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரத்தில் கூடிய ஆசிரியர் மகாநாடு, கைச்சைகை மொழியை ஒதுக்கிவிட்டு, உதட்டசைவைப் பார்த்து அறிந்து வாயினால் பேசும் பயிற்சியையே கைக்கொள்ளவேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். அத்தீர்மானத்தை ஐரோப்பாவெங்கும் பள்ளி நிர்வாகிகள் ஏற்று நடக்கவே, காது கேளாத ஆசிரியர்கள் பலர் பதவி இழந்தார்கள். குழந்தைகள் தங்களுக்கு இயல்பாக வந்த மொழியைக் கையாண்டதற்காகக் கண்டிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் பார்வையற்றோர், காது கேளாதோர் கல்வியை விசாரித்த ராயல் கமிஷன் 1889-இல் அளித்த அறிக்கையும் பெரும்பாலும் அந்த வழியையே தழுவியது. அதைக் கண்டு மனம் பொறாத ஃபிரான்ஸிஸ் மாகின் முதலிய காது கேளாத தலைவர்கள், தங்களைக் குறித்துத் தங்களைக் கேளாமலே தீர்மானிப்பது நியாயமன்று என்று கிளர்ந்து, 1890-இல் தங்களுக்கென ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார்கள். பள்ளிக்குப் பொருள் கொடுப்பதும், பாடம் சொல்லிக்கொடுப்பதும், அக்குறையோடு வாழ்ந்து பழகுவதும் மூன்று வேறு வேறான தகுதிகள் என்பதை அச்சங்கத்தின் தோற்றம் உலகுக்கு அறிவித்தது. நிர்வாக சபைகள் அந்த மூன்றாவது தகுதியை உணர்ந்து மதிப்பதற்கு நெடுங்காலம் சென்றது.

இதற்கிடையில் அரசாங்கம் கல்வித் துறையில் இறங்கியது. 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பல ஊர்களில் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் கல்விச் சபைகள் ஏற்பட்டன. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லாதிருந்த அக்காலத்தில், இச்சபைகளுக்கு அவர்கள் நிற்கவும் இடமிருந்தது. அவ்வாண்டிலேயே லண்டன் கல்விச் சபைக்கு எலிஸபெத் காரெட், எமிலி டேவிஸ் என்ற இரு மாதரசிகள் தேர்ந்தெடுக்கப்பெற்றார்கள். 1874-இல் வில்லியம் ஸ்டெய்னர் என்ற பாதிரியாரின் தலைமையில் காது கேளாத பிள்ளைகளுக்கான வகுப்புகளை லண்டன் சபை தொடங்கியது. சாதாரண வகுப்பில் பின்தங்கி நின்ற குழந்தைகளுக்கென 1892-இல் லெஸ்டர் நகரிலும் லண்டனிலும் தனி வகுப்புகளும் பள்ளிகளும் தோன்றின. ஸதர்க் பகுதியின் ஏழைப் பள்ளி ஒன்றில் பட்டினியோடு வந்த பிள்ளைகளுக்கு உணவளித்துப் பெயர்பெற்ற எலிஸபெத் பர்க்வின் அம்மையார் லண்டனின் சிறப்புப் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராக அமர்ந்தார். 1893-ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையற்ற குழந்தைகளுக்கு 5 வயதிலிருந்தும் காது கேளாத குழந்தைகளுக்கு 7 வயதிலிருந்தும் 16 வயது வரையில் கல்வி அளிக்கும் பொறுப்பை அரசாங்க அமைப்புகளின்மேல் சுமத்தியது. 1899-ஆம் ஆண்டுச் சட்டமோ, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கும் பள்ளி அமைக்க அனுமதி அளித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை; அந்தக் கட்டாயம் 1914-லும் 1918-லும்தான் வந்தது.

இப்பள்ளிகளைக் கல்விச் சபையின் சார்பாகப் பார்வையிட மேற்பார்வையாளர்கள் நியமிக்கப்பெற்றார்கள். வரவுப் பதிவேட்டைச் சோதிப்பதும், ஆசிரியர் நியமனத்தில் ஆலோசனை கூறுவதும், பள்ளியின் நாட்குறிப்பில் கையெழுத்திடுவதும் அவர்களுடைய கடமைகள். ஆயினும் சட்டம் விதித்த கடமையைக் கடந்து, குழந்தைகளின் உணவையும் உடையையும் வண்டி வசதியையும் பள்ளி விட்ட பின் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வேலையையும் கவனித்தவர்கள் அவர்களுள் பலர் இருந்தார்கள். நாவலாசிரியராகப் புகழ் பெற்ற மேரி வார்டு அம்மையார், 1899-இல் லண்டன் டாவிஸ்டாக் பிளேஸில் தாம் நிறுவிய சேவை இல்லத்தில், நடக்க இயலாமல் வீட்டு மூலையில் முடங்கிக்கிடந்த குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைக் கல்விச் சபையின் ஒத்துழைப்போடு தொடங்கினார். குழந்தைகளை வீட்டு வாயிலிலிருந்து அழைத்துவர வண்டியும், உடல்நிலையைக் கவனிக்கச் செவிலியும், நடுப்பகலில் சூடான உணவும் அங்கே ஏற்பாடு செய்யப்பெற்றன. போக்குவரத்தும் மருத்துவமும் உணவும் கல்விக்குப் புறம்பானவை என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அவையின்றி இக்குழந்தைகளுக்குக் கல்வியே இல்லை என்பதை அப்பள்ளி உணர்த்தியது. இன்று சிறப்புப் பள்ளியின் நிர்வாக சபையில் மணிக்கணக்காக விவாதிக்கப்படும் விஷயங்களுள் பல அந்தச் சிறிய பள்ளியிலேயே உருவாகிவிட்டன. நம் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்ஸன் அம்மையார் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் அந்த 1890-களிலேதான். அவரை அனுப்பிய ஜெனானா மிஷன் சங்கமும் இங்கிலாந்தின் சந்தாதாரர்களை நம்பி நடைபெற்ற ஸ்தாபனமே.

1902-இல் கல்விச் சபைகள் கலைக்கப்பெற்று, அவற்றின் அதிகாரம் நகர சபைகளையும் மாவட்ட சபைகளையும் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் வந்த 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்ற பெரிய கொள்கையை முழங்கியது. அதன்கீழ் 1945-இல் வகுத்த விதிகள், குறையுடைய குழந்தைகளைப் பார்வையற்றோர், காது கேளாதோர், வலிப்பு நோயுள்ளோர், பேச்சுக் குறையுள்ளோர், கல்வியில் பின்தங்கியோர் என்று தொடங்கிப் பதினொரு வகையாகப் பிரித்தன. இத்தனை வகை வகுத்தும், அறிவு வளர்ச்சி மிகவும் குன்றிய குழந்தைகளை அச்சட்டம் கல்விக்கு உரியவர்களாகவே கொள்ளவில்லை. கற்பிக்க இயலாதவர்கள் என்று வைத்தியர் சான்றளித்தால், அக்குழந்தைகள் கல்வித் துறையின் கணக்கிலிருந்து நீக்கப்பெற்று, சுகாதாரத் துறையின் பயிற்சி நிலையங்களிலும் ஆஸ்பத்திரி விடுதிகளிலும் காலம் கழித்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் என்று எழுதிய கையே சிலரை விலக்கி எழுதியது.

நிர்வாகத்தைப் பொறுத்தும் சிறப்புப் பள்ளிகள் அச்சட்டத்தில் புறக்கணிக்கப்பட்டன. ஆரம்பப் பள்ளிக்கு மேற்பார்வையாளர்களும் உயர்நிலைப் பள்ளிக்குக் கவர்னர்களும் இருக்கவேண்டும் என்று வரையறுத்த சட்டம், சிறப்புப் பள்ளிகளைப் பற்றி அவ்வாறு ஒன்றும் விதிக்கவில்லை. அதற்கென ஒரு விதி ஏற்பட 1968-ஆம் ஆண்டு வரை, அதாவது 24 ஆண்டுகள், காத்திருக்கவேண்டியிருந்தது. சாதாரணப் பள்ளிகளிலுங்கூட, ஒரு நகரத்துப் பள்ளிகள் பலவற்றைத் தொகுத்து ஒரே சபையின்கீழ் வைத்து, நகர சபையின் கல்விக் குழுவினரே அதிலும் உட்கார்ந்து, ஒரு பிற்பகலில் பல பள்ளிகளின் அறிக்கைகளை அங்கீகரித்துவிட்டுக் கலைவது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. சந்தா செலுத்தியவருடைய இடத்தில் கட்சிப் பிரமுகர் அமர்ந்தாரேயன்றி, குழந்தையை நேரில் அறிந்தவர் அமரவில்லை.

இவ்வாறு கேட்பாரற்ற நிலை எத்தகைய அநீதிக்கு இடங்கொடுக்கும் என்பதற்குச் சான்று 1971-இல் வெளிப்பட்டது. கரீபியன் தீவாகிய கிரெனடாவில் பிறந்து லண்டனில் ஆசிரியராகப் பணிபுரிந்த பெர்னார்டு கோர்டு, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில், கல்வியில் பின்தங்கியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் தள்ளப்படுவதை ஒரு சிறு நூலில் அம்பலப்படுத்தினார். பேச்சு வழக்கு வேறு, வளர்ந்த சூழல் வேறு என்பதைக் கருதாமல், ஆங்கிலேயக் குழந்தைகளுக்கென வகுத்த சோதனைகளை வைத்து அவர்களை மந்தபுத்தியுடையவர்கள் என்று முத்திரையிட்டது பெருந்தவறு என்று அவர் வாதித்தார். பெற்றோர் பலருக்கு அப்பள்ளி எத்தகையது என்பதே தெரியாது. சிறப்பு என்ற சொல்லைக் கேட்டு உயர்ந்த கல்வி என்று நம்பியவர்களும் உண்டு. அவர்களுடைய சார்பில் கேள்வி கேட்க வேண்டிய சபைகளில் அவர்களைச் சேர்ந்தவர்களைக் காண்பது அரிதாயிருந்தது.

மாறுதல் பெற்றோரிடமிருந்து வந்தது. 1946-இல் ஜூடி ஃபிரைட் என்ற தாய், தம் மகளுக்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட வேதனையால் உந்தப்பெற்று, தாய்மார் படிக்கும் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, தம்மைப் போன்ற பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்தார். நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து தோன்றிய பெற்றோர் சங்கமே இன்று மென்கேப் என்னும் பெயரில் விளங்குகிறது. 1962-இல் ஆட்டிஸம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அரசாங்கப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளை ஏற்காத காரணத்தால், 1965-இல் லண்டனின் ஈலிங் பகுதியில் தாங்களே ஒரு பள்ளியை ஏற்படுத்தி, ஸிபில் எல்கர் என்ற சிறந்த ஆசிரியையை அதன் தலைமையில் அமர்த்தினார்கள். இத்தகைய இடைவிடாத முயற்சிகளுக்குப் பின், 1970-இல் இயற்றப்பெற்ற சட்டம், கற்பிக்க இயலாத குழந்தை என்று ஒரு வகை இல்லை என்பதை ஒப்புக்கொண்டது. 1971 ஏப்ரல் முதல் தேதியன்று, சுகாதாரத் துறையின் பயிற்சி நிலையங்கள் கல்வித் துறையின் கைக்கு மாறின. சுமார் 400 புதிய சிறப்புப் பள்ளிகள் அதனால் தோன்றின. ஆங்கில நாட்டின் கல்வி வரலாற்றில் இதனினும் மேலான நாள் ஒன்று உண்டோ என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அன்றுதான் அந்நாட்டுக் குழந்தைகள் அனைவரும் ஒருவர்கூட விலக்கின்றி மாணவரானார்கள்.

அதன்பின் பத்தாண்டுகளுக்குள் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. டாம் டெய்லரின் தலைமையில் அமைந்த குழு, 1977-இல், ஒவ்வொரு பள்ளிக்கும் தனியான சபை வேண்டும் என்றும், அதில் ஸ்தல ஸ்தாபனமும் பள்ளி ஊழியரும் பெற்றோரும் ஊர்ப் பொதுமக்களும் சமபங்கு பெறவேண்டும் என்றும் கூறியது. தத்துவ ஆசிரியரான மேரி வார்னாக் அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு, 1978-இல், பள்ளிப் பருவத்தில் ஐந்து குழந்தைகளில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் சிறப்பு உதவி தேவைப்படும் என்று கணித்து, குறையின் பெயரால் குழந்தைகளை வகைப்படுத்தும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொருவருடைய தேவையையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்று வற்புறுத்தியது; பெற்றோரைக் கல்விப் பணியில் கூட்டாளிகளாகக் கருதவேண்டும் என்பதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. முதல் அறிக்கையின் கருத்துகள் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், இரண்டாவதன் கருத்துகள் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றன. பெற்றோரால் தேர்ந்தெடுக்கப்பெற்ற பிரதிநிதிகள் நிர்வாக சபையில் அமர்வது சட்டப்படியான உரிமையாயிற்று. சிறப்புப் பள்ளியைப் பொறுத்தவரையில், அக்குறையுடையோர்க்காக உழைக்கும் தொண்டு ஸ்தாபனத்தின் பிரதிநிதிக்கும் இடம் வகுத்தது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். அரசாங்கப் பள்ளிகளில் பிரம்படியை ஒழித்ததும் அதே சட்டந்தான். பெர்மண்ட்ஸியில் முறையிட்ட தாயின் வழிவந்தவர்களுக்கு ஆசனம் கிடைத்த காலமும், குழந்தையின்மேல் கையோங்குவதைச் சட்டம் தடுத்த காலமும் ஒன்றாக அமைந்தது மனத்துக்கு நிறைவளிப்பது.

ஆசனத்தோடு சுமையும் வந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியின் வரவுசெலவைப் பள்ளியிடமே ஒப்படைக்கும் முறையைத் தொடங்கியது. 1990-களில் அம்முறை சிறப்புப் பள்ளிகளையும் வந்தடைந்தது. 2013 முதல், சிறப்புப் பள்ளியில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 10,000 பவுன் அடிப்படை மானியம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ப ஸ்தல ஸ்தாபனம் ஒரு கூடுதல் தொகை தரவேண்டும் என்றும் ஏற்பாடாகியது. குழந்தை ஒன்றுக்கு இருவர் துணை வேண்டியிருக்கலாம். தூக்கி அமர்த்தும் கருவியும், வெந்நீர்க் குளமும், பேச்சுப் பயிற்சியாளரும் வேண்டியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் கூடுதல் தொகை ஈடுகொடுக்கிறதா என்று கணக்கை வரிவரியாகப் பார்ப்பது நிர்வாக சபையின் வேலை. பணத்தைக் குறித்த இந்த விசாரணையை உணர்ச்சியற்ற காரியம் என்று எண்ணுவது தவறு. ஒரு குழந்தை நாள் முழுவதும் சக்கர நாற்காலியிலேயே கிடக்குமா, அல்லது வேளைக்கு வேளை எழுந்து நிற்கப் பழக்கப்படுமா என்பது அந்த வரிகளில்தான் தீர்மானமாகிறது.

குழந்தை முன்னேறுகிறதா என்று கேட்பது அதனினும் நுட்பமான கடமை. தேர்வு எழுதும் பிள்ளைகளின் பள்ளியில் மதிப்பெண் பட்டியலை விரித்துப் பார்த்துவிடலாம். பேச்சும் நடையும் வாராத குழந்தையின் வளர்ச்சியை எதனால் அளப்பது? பாடமுறைக்குக் கீழ்நிலையில் உள்ளவர்களுக்கென 1998-இல் ஓர் அளவுகோல் வகுக்கப்பெற்றது. அது பின்னர் கைவிடப்பெற்று, 2021 முதல், பாடத்துறைப் படிப்பை இன்னும் எட்டாத குழந்தைகளுக்கு வேறொரு முறை நடைமுறையில் உள்ளது: புதிய பொருளைக் கண்டால் ஆராய்கிறதா, தன் செயலால் விளைவதை உணர்ந்துகொள்கிறதா, அடுத்து வருவதை எதிர்நோக்குகிறதா, தடை நேர்ந்தாலும் விடாமல் முயல்கிறதா, பிறர் தூண்டாமல் தானே ஒன்றைத் தொடங்குகிறதா என்னும் ஐந்து திறத்தாலும் அம்முறை குழந்தையைக் கவனிக்கிறது. மணியோசை கேட்டதும் தலை திருப்பாத குழந்தை ஒருநாள் திருப்புவதைப் பெரிய சம்பவமாக மதிக்கக் கற்றுக்கொள்ளாதவர், தம் பதவியின் பொருளை இன்னும் அறியாதவரே. அறிக்கையைப் படிப்பது மட்டும் அதற்குப் போதாது. வகுப்பறைக்கு நேரில் சென்று, ஆசிரியையின் அனுமதியோடு ஓரமாக அமர்ந்து, உணவூட்டும் வேளையையும் வண்டியில் ஏற்றும் வேளையையும் பார்த்துவர வேண்டும். கட்டுக்கடங்காமல் துடிக்கும் குழந்தையை ஊழியர்கள் பிடித்து நிறுத்தவேண்டி நேர்ந்த சமயங்களின் பதிவேட்டை வாங்கிப் படித்து, ஏன் நேர்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, பெற்றோருக்குத் தெரிவிக்கப்பெற்றதா, மறுபடியும் நேராதிருக்க என்ன செய்தீர்கள் என்று மரியாதையோடும் உறுதியோடும் கேட்கவேண்டும். தலைமையாசிரியரின் அன்றாட வேலையில் தலையிடுவது கவர்னரின் காரியமன்று. அவருடைய நல்ல வேலைக்குத் துணைநிற்பதும், குறை நேர்ந்தால் கண்ணை மூடிக்கொள்ளாதிருப்பதுமே காரியம்.

இப்பதவியின் வரலாறு வெற்றியை மட்டும் கூறுவதன்று. 1792-இல் பெர்மண்ட்ஸியில் தொடங்கிய அந்த முதற்பள்ளி, பின்னர் கென்ட் மாவட்டத்தின் மார்கேட் என்னும் கடற்கரை ஊரில் நிலைபெற்று, மொத்தம் இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றும், அதை நடத்திவந்த அறக்கட்டளை நிதி நெருக்கடியில் வீழ்ந்தமையால் 2015 டிசம்பரில் மூடப்பெற்றது. பழமையும் புகழும் ஒரு பள்ளிக்குக் காவலாகா என்பதை இதனினும் தெளிவாக உரைக்கும் நிகழ்ச்சி வேறில்லை. மேலும், இன்றைய விதிப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரோ அப்பள்ளியில் பயிலும் மாணவரோ கவர்னராக முடியாது; மாணவர் ஒருவரை இணை அங்கத்தினராகச் சபையார் அமர்த்திக்கொள்ளலாம் என்றாலும், பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. இளையோர்மேல் சட்டப் பொறுப்பைச் சுமத்தலாகாது என்ற காரணம் நியாயமானதே. ஆயினும், தாமே ஒரு காலத்தில் சிறப்புப் பள்ளியில் பயின்று வளர்ந்தவர்களை, சைகை மொழி பேசுபவர்களை, சக்கர நாற்காலியில் வருபவர்களை இச்சபைகளுக்கு அழைத்து அமர்த்த எந்த விதியும் தடையாக இல்லை.

கொடை கொடுத்தவர், அதிகாரம் பெற்றவர், பெற்று வளர்த்தவர் என்று முறையே மூவர் அந்த ஆசனத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு நன்மையைக் கொண்டுவந்தார்கள்: முதல்வர் பள்ளியை உண்டாக்கினார், இரண்டாமவர் அதைப் பிச்சையினின்று உரிமையாக்கினார், மூன்றாமவர் அதற்கு உள்ளன்பையும் விடாத கேள்வியையும் தந்தார். நான்காமவராக, அக்குறையோடு வாழ்ந்து அதன் மெய்யறிந்தவர் எல்லாச் சபைகளிலும் தவறாமல் அமரும் காலம் இனித்தான் வரவேண்டும். அவர் வரும்வரையில், அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும், தம்முன் வரும் ஒவ்வொரு தீர்மானத்தையும், இதைப் புரிந்துகொண்டு பேசும் ஆற்றல் இக்குழந்தைக்கு இருந்தால் நம்மிடம் என்ன கேட்டிருக்கும் என்ற ஒரே கேள்வியால் சோதித்துப் பார்த்துக் கையொப்பமிடக் கடமைப்பட்டவர். அந்தச் சோதனையைச் செய்யாதவருக்குச் சட்டம் ஆசனம் அளிக்கலாம். குழந்தைக்காகப் பேசும் உரிமையை அதனால் அளிக்க இயலாது.